ஒன்பதாம் சேனல்

மாட்டுப் பொங்கல் அன்று காலையில், கீழ்பென்னாத்தூரில் தன் வீட்டுக் கொட்டகையில், அறிவுமதி பசுவின் இடது கொம்புக்கு நீலம் அடித்து முடித்திருந்தாள். வலது கொம்புக்குச் சிவப்பு டப்பாவைத் திறக்கும்போது செல்போன் அடித்தது. முதலாளி சக்கரபாணி. பண்டிகை நாளில் முதலாளி கூப்பிட்டால் வாழ்த்துச் சொல்லவா கூப்பிடுவார்? அந்த மனுஷனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

செங்கம் ரோட்டு லாட்ஜ் இரண்டிலும் மறுபடி நெட் படுத்துவிட்டதாம். நேற்று சாயந்திரம் இரண்டு இடத்திலிருந்தும் போன் வந்ததாம். ஒரு மாதத்தில் மூன்று தடவை அறிவுமதி போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு அவர் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்குச் சாயந்திரம் நானே வந்து பாப்பேன். அப்பவும் அது இழுத்துக்கினு இருந்துச்சுன்னா, வெளிவேலைக்கு பிரசாத் போவட்டும். நீ உள்ள உக்காந்து பத்திரிகை அடி."

பிரசாத் கடையில் வேலை செய்யும் இன்னொரு பையன். பத்திரிகை என்றால் கல்யாணப் பத்திரிகை. சக்கரபாணியின் கம்ப்யூட்டர் கடையில் பின்பக்கம் ஓர் அறை உண்டு. ஜன்னல் கிடையாது. அங்கே உட்கார்ந்து 'நிகழும் மங்களகரமான' என்று நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அறிவுமதி அந்த அறையில் முதல் ஆறு மாதம் இருந்தவள். அங்கிருந்து தப்பி வெளிவேலைக்கு வருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாலிடெக்னிக் முடித்த பெண் ஏணி மேல் ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏணி மேலிருந்தே பதில் சொன்னவள் அவள். கடையின் ஸ்கூட்டியில், தோளில் ஒயர்ச் சுருளோடு, வேங்கிக்கால் ஆபீசுகளுக்கும் மலை சுற்றும் வழியில் இருக்கிற லாட்ஜுகளுக்கும் போய்வரும் அந்த இரண்டு வருஷம்தான் தன் வாழ்க்கையிலேயே உருப்படியான காலம் என்று நினைத்திருந்தாள். இப்போது அது கைவிட்டுப் போகப் போகிறது. சிவப்பு டப்பாவை மூடி வைத்துவிட்டாள். பசு ஒற்றைக் கொம்பு நீலத்தோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த இரண்டு லாட்ஜுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து தெற்கே திரும்பும் ஒரு சந்து. அது மறுபடி வளைந்து கிழக்கே போகிறது. வடக்குப் பக்கத்தில் 'இருசப்பன் இல்லம்', பலராமனுடையது. நேர் எதிரே தெற்குப் பக்கத்தில் 'சந்திரா இல்லம்', சந்திரம்மாளுடையது. இருவரும் கூடப் பிறந்தவர்கள். பலராமன் அண்ணன், சந்திரம்மாள் தங்கை. நடுவே பதினைந்தடி சந்து. அந்தப் பதினைந்தடியை இருவரும் தாண்டி மூன்று வருஷம் ஆகிறது.

காரணம் மலைதான். திருவண்ணாமலைக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிற வெள்ளைக்காரர்கள் மெத்தை கேட்கமாட்டார்கள், டிவி கேட்கமாட்டார்கள். மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியுமா என்று மட்டும் கேட்பார்கள். சந்திரம்மாள் மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரிந்தது, பலராமன் மூன்றாவது மாடி கட்டுகிறவரை. கட்டிய பிறகு, உச்சியில் ஒரு கைப்பிடி அளவு தெரிகிறது, அதுவும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால். "சாமியவே மறைச்சிட்டான் எங்க அண்ணன்" என்று சந்திரம்மாள் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அது அந்தச் சந்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

மார்கழி தொடக்கத்தில் இருவரும் ஒரே வாரத்தில் வைஃபை கேட்டார்கள். ஒருவர் வைத்தால் இன்னொருவர் வைக்காமல் இருப்பாரா? ஆளுக்கொரு வயர்லெஸ் பெட்டியை வராந்தா மேல் மாட்டி வைத்தவள் அறிவுமதிதான்.

சாயந்திரம் அவள் திருவண்ணாமலை வந்து இறங்கியபோது ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. அன்றைக்குத் திருவூடல். சாமியும் அம்மனும் நடுத்தெருவில் மூன்று முறை கோபித்துக்கொண்டு, கடைசியில் அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற திருவிழா. மறுநாள் சாமி தனியாக மலையைச் சுற்றிவிட்டு வந்துதான் சமாதானம் ஆகும். போலீஸ் எல்லாத் தெருவையும் மறித்திருந்தது. கடையிலிருந்து ஸ்கூட்டியை எடுத்து, சந்து சந்தாக நுழைந்து, அறிவுமதி செங்கம் ரோடு போய்ச் சேர மணி ஆறேகால் ஆகிவிட்டது. அந்தத் தாமதம்தான் அவளுக்கு நல்லதாகப் போயிற்று. முந்தைய மூன்று தடவையும் காலை பதினோரு மணிக்குப் போயிருந்தாள். அப்போது வெள்ளைக்காரர்கள் யாரும் அறையில் இருக்கமாட்டார்கள். இப்போதோ, ஆசிரமத்தில் சாயந்திரப் பாராயணம் முடிந்து இரண்டு லாட்ஜிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். சந்திரா இல்லத்து வராந்தாவில் ஒரு ஜெர்மன்காரர் தன் லேப்டாப்பை இடது பக்கம் தூக்கிப் பார்த்தார், வலது பக்கம் தூக்கிப் பார்த்தார், பிறகு மூடிவிட்டு சுண்டல் தின்னத் தொடங்கிவிட்டார்.

அறிவுமதி சந்தின் நடுவில் ஸ்கூட்டியை நிறுத்தி, சீட்டின் மேலேயே தன் லேப்டாப்பைத் திறந்து, பக்கத்தில் எந்தெந்தப் பெட்டி எந்தச் சேனலில் ஓடுகிறது என்று பார்த்தாள். இருசப்பன் இல்லம், சேனல் ஒன்பது. சந்திரா இல்லம், சேனல் ஒன்பது. இரண்டுமே முழு சக்தியில்.

அவளுக்குச் சுருக்கென்று எல்லாம் ஞாபகம் வந்தது.

வயர்லெஸ் பெட்டியும் ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் மாதிரிதான். அதன் செட்டிங் பக்கத்தில் ஒன்று முதல் பதின்மூன்று வரை சேனல் பட்டியல் இருக்கும். எந்த எண்ணில் பேச வேண்டும், எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்று அங்கே சொல்லிவிட வேண்டும். பக்கத்துப் பெட்டிக்கும் நம் பெட்டிக்கும் ஐந்தாறு எண் இடைவெளி விட்டால் ஒன்றுக்கொன்று தொந்தரவு இல்லை. ஒரே எண்ணில் இரண்டையும் வைத்தால், ஒரே தெருவில் இரண்டு கல்யாண வீடு எதிரெதிரே குழாய் ஸ்பீக்கர் கட்டின கதைதான். இது அறிவுமதிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் பெட்டி மாட்டுகிற அன்றைக்குப் பலராமன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பட்டியலைப் பார்த்துவிட்டார். ஒன்பது வை என்றார். அவர்களுடைய அப்பா இருசப்பன் மணிலாக் கொட்டை வியாபாரத்தில் முதன்முதலாக வாங்கின லாரியின் நம்பர் கூட்டினால் ஒன்பதாம். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் வண்டி நம்பர், போன் நம்பர், கதவு நம்பர் எல்லாமே ஒன்பது. மூன்று நாள் கழித்துச் சந்திரம்மாளும் அதே மாதிரி எட்டிப் பார்த்து, அதே மாதிரி ஒன்பது என்றாள். அண்ணன் தங்கை, வேறு எப்படி இருப்பார்கள் என்று அறிவுமதி மனசுக்குள் சிரித்துக்கொண்டு வைத்துவிட்டாள். அந்த அம்மா கொடுத்த பில்டர் காபி வேறு அப்போது கையில் இருந்தது. சக்தியைப் பாதி வைத்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தாள். காசு கொடுத்து வாங்கின பெட்டி, எதற்குப் பாதி என்று இருவரும் கேட்டார்கள். அதையும் முழுசாகவே வைத்தாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாயே அறிவுமதி, என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

சரி, தப்பு தெரிந்துவிட்டது, திருத்திவிட்டால் போயிற்று. யாராவது ஒருத்தர் மூன்றுக்கு மாறினால் போதும். மூன்று மூன்றாக ஒன்பது, அவர்கள் கணக்கிலும் அது நல்ல எண்தான். முதலில் பலராமனிடம் போய் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனுஷர் அவர். கேட்டு முடித்து, மூணு ரொம்ப நல்ல நம்பர், அதை எதிர் வீட்டுக்குக் கொடு என்றார். சந்து தாண்டிப் போய்ச் சந்திரம்மாளிடம் சொன்னாள். சந்திரம்மாள் காபி கொடுத்தாள், எள்ளுருண்டை கொடுத்தாள், ஒன்பதை மட்டும் கொடுக்கவில்லை.

"மலையத்தான் எடுத்துக்கினாரு. நைனா நம்பரையும் எடுத்துக்கணுமாமா? எதுனா நாயம் இருக்குதா கண்ணு, நீயே சொல்லு."

கண்ணு என்ன சொல்லும்? இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் நான்கு என்று சந்தை ஏழு முறை தாண்டினாள். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சந்துமுனை டீக்கடைக்காரர் காசி, ஊருக்குள்ளேதான் திருவூடல் என்று நினைத்தால் இங்கேயும் நடக்கிறதே, நீதான் தூது போகிறாயா என்று கிண்டல் செய்தார். அறிவுமதி அவரை முறைத்தாள். யாரையும் கேட்காமல் அவளே ஒன்றை மாற்றிவிடலாம்தான். ஆனால் மாற்றினது தெரிந்தால் அந்த வீட்டார் நேராகச் சக்கரபாணிக்குப் போன் போடுவார்கள். அவர்கள் நம்பிக் கூப்பிட்ட இடத்தில் ஏமாற்றவும் அவளுக்கு மனசு வரவில்லை.

கடைசியில் ஒரு காரியம் செய்தாள். இரண்டு வீட்டிலும் சக்தியை மட்டும் பாதியாகக் குறைக்கச் சம்மதம் வாங்கினாள். அதனால் கொஞ்சம் தேவலாம் என்று ஆயிற்று, அவ்வளவுதான். ஜெர்மன்காரர் மறுபடி லேப்டாப்பைத் திறந்து, ஒரு கடிதம் போவதற்குள் சுண்டலைத் தின்று முடித்தார். செட்டிங் பக்கத்தை எப்படித் திறப்பது, சேனலை எங்கே மாற்றுவது என்பதை இரண்டு தினசரிக் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தாள். தங்குகிற வெளிநாட்டாரின் விவரங்களைத் தினமும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள்தான் இருவரும், இது அவர்களுக்குப் பெரிய வித்தை இல்லை. மனசு மாறினால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், என்னைக் கூப்பிட வேண்டாம் என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பலராமன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சந்திரம்மாள் அதை அரிசி டப்பாவின் அடியில் செருகினாள். மாற்றுகிற முகமா அது? பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஜாதி இருவருமே.

மறுநாள் சாயந்திரம் ஐந்தரைக்குச் சக்கரபாணி கடையைப் பூட்டிக்கொண்டு தன் வண்டியில் வந்தார். ஸ்கூட்டியில் அறிவுமதி பின்னால் போனாள். வழியெல்லாம் அவள் கண்ணுக்குள் அந்த ஜன்னல் இல்லாத அறைதான் வந்தது. ஆனால் ஒரு ஆச்சரியம், அன்றைக்கு முழுக்க இரண்டு லாட்ஜிலிருந்தும் ஒரு போன்கூட வரவில்லை. யாரோ ஒருத்தர் மனசு மாறிவிட்டார் போலிருக்கிறது என்று அவளுக்குள் ஒரு ஆசை முளைத்தது.

ஆறரை மணிக்குச் சக்கரபாணி சந்தின் நடுவில் நின்று லேப்டாப்பைத் திறந்தார். ஒரு பக்கத்தைத் தட்டினார். அது வரவில்லை. இன்னொன்றைத் தட்டினார். பாதி வந்து நின்றது. வராந்தாவில் ஜெர்மன்காரர் இன்றைக்கு வேர்க்கடலைக்கு மாறியிருந்தார். சக்கரபாணி சேனல் பட்டியலைக் கொண்டுவந்து பார்த்தார். பார்த்துவிட்டு லேப்டாப்பை அறிவுமதி பக்கம் திருப்பினார்.

இருசப்பன் இல்லம், சேனல் மூன்று. சந்திரா இல்லம், சேனல் மூன்று. ஒன்பதில் ஈ காக்கை இல்லை.

"ரெண்டையும் ஒண்ணா மூணுல வெச்சிட்டு வந்திருக்கிற. எல்கேஜி புள்ளகூட இப்படிச் செய்யாதே. சாவியக் குடு" என்றார் சக்கரபாணி.

அறிவுமதி ஸ்கூட்டி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதலில் அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதலாளி எதிரில், வேலை போகிற நேரத்தில், சிரிப்பாளா ஒருத்தி? சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"மொதல்ல ரெண்டையும் ஒம்போதுல வெச்சது நான்தான் சார். அது என் தப்பு, ஒத்துக்கறேன். இந்த மூணு நான் வெக்கல."

பிறகு யார் வைத்தது என்று அவர் கேட்டார். பேச்சுக் குரல் கேட்டுப் பலராமன் தன் கேட்டுக்கு வந்து நின்றார். எதிரே சந்திரம்மாளும் வந்து நின்றாள். வழக்கம்போல இருவரும் அறிவுமதியைப் பார்த்தார்களே தவிர ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. சேனலை மாற்றினது யார் என்று அறிவுமதி சந்தின் நடுவில் நின்று பொதுவாகக் கேட்டாள்.

பலராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தான்தான் காலையில் மாற்றியதாகவும், மாற்றினதிலிருந்து சரியாகவே இல்லை என்றும், கை வைத்துக் கெடுத்துவிட்டோமோ என்று கடைக்குப் போன் பண்ணவில்லை என்றும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் முடிப்பதற்குள் சந்திரம்மாள், "நானும்தான் மாத்தினேன்" என்றாள். அவளும் அதே பயத்தில்தான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

அண்ணனும் தங்கையும் அப்போதுதான் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்று வருஷத்துக்கப்புறம் அந்தச் சந்துக்குக் குறுக்கே முதல் வார்த்தையைச் சந்திரம்மாள்தான் பேசினாள்.

"நீ எதுக்குண்ணா மாத்தின?"

பலராமன் திரும்பித் தன் மூன்றாவது மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"மலையத்தான் மறைச்சிட்டேன். நைனா நம்பரையாவது உனக்கு உடலாம்னு பாத்தேன்."

சந்திரம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நேற்று அறிவுமதி போனதிலிருந்து தனக்குத் தூக்கமே இல்லை என்றாள். அப்பா லாரியில் முன் சீட்டில் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கூட்டிப்போனது, ஜன்னல் ஓரம் யாருக்கு என்று தினம் சண்டை வந்தது, அண்ணன் சண்டையில் ஜெயித்துவிட்டுப் பாதி வழியில் அவளுக்கே விட்டுக்கொடுத்தது, எல்லாம் சொன்னாள். மூத்த பிள்ளைக்குத்தான் ஒன்பது என்று விடிந்ததும் தோன்றியதாம். அரிசி டப்பாவைத் தூக்கித் தாளை எடுத்தாளாம். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? சக்கரபாணி தன் லேப்டாப் திரையைச் சட்டை நுனியால் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. இப்போது புதுச் சண்டை ஆரம்பித்தது. ஒன்பது உனக்கு என்றார் அவர். இல்லை, உனக்குத்தான் என்றாள் அவள். இரண்டு பேரும் மூன்றை விடுவதாக இல்லை. நேற்று ஒன்பதுக்கு எப்படி முரண்டு பிடித்தார்களோ அப்படியே இன்றைக்கு மூன்றுக்குப் பிடித்தார்கள். ஜெர்மன்காரர் வேர்க்கடலையை மறந்து வராந்தா ஓரத்துக்கே வந்துவிட்டார். அறிவுமதிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்று பலராமனைக் கையைப் பிடிக்காத குறையாகச் சந்து தாண்டி அழைத்துப்போய், சந்திரம்மாளின் கம்ப்யூட்டர் எதிரில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். செட்டிங் பக்கத்தைத் திறந்து, சேனல் பட்டியலை இறக்கி, மவுஸைச் சந்திரம்மாள் கையில் கொடுத்து, இருவரில் ஒருவர் இப்போதே முடிவு சொல்லாவிட்டால் எட்டில் வைத்துவிடுவேன் என்று மிரட்டினாள். அந்த வீட்டில் எட்டு என்ற எண்ணை வாயால்கூடச் சொல்வதில்லை. சந்திரம்மாள் பதறிப்போய்ப் பட்டியலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"சரி. மலைய நீ வெச்சுக்க. ஒம்போத நான் வெச்சுக்கறேன்" என்று சொல்லி ஒன்பதை அழுத்தினாள்.

பலராமன் வாய்விட்டுச் சிரித்தார். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்து, திரும்ப எரிந்து, ஒரு நிமிஷம் கழித்து வராந்தாவிலிருந்து ஜெர்மன்காரர் ஏதோ கத்தினார். எட்டிப் பார்த்தால் அவருடைய லேப்டாப்பில் ஒரு சின்னக் குழந்தை அசைந்து அசைந்து கை ஆட்டிக்கொண்டிருந்தது. பேத்தியாம். எதிர் வீட்டிலும் யாரும் லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையவில்லை. மூன்றும் ஓடியது, ஒன்பதும் ஓடியது, அதுவும் பாதி சக்தியில்.

கிளம்பும்போது பலராமன் வாசலில் நின்றுகொண்டு, தங்கையைப் பார்க்காமல் வராந்தாக் கூரையைப் பார்த்துச் சொன்னார். "மலையும் உனக்குத்தான். மாடிப்படிய சந்து பக்கமா வெச்சுத்தானே கட்டினேன். நீதான் ஏறி வரல."

சந்திரம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு, ஜெர்மன்காரரையும் தன் லாட்ஜில் தங்கியிருந்த மற்ற மூன்று பேரையும் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு, சந்தைத் தாண்டி, அண்ணன் வீட்டு மாடிப்படியில் விடுவிடுவென்று ஏறினாள். அந்நேரம் மலை சுற்றிவிட்டு வந்த சாமிக்கு ஊருக்குள் மேளம் அடிக்கிற சத்தம் லேசாகக் கேட்டது.

சக்கரபாணி வேலைத்தாளை எடுத்து, கோளாறு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்தார். அறிவுமதி அதை வாங்கி, 'சேனல் மாற்றப்பட்டது, சக்தி குறைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இனிமேட்டு பெட்டி மாட்டுறப்ப நம்பரு பட்டியலை யார் கண்ணுலயும் காட்டாத" என்றார். அவர் சாவியைக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. பத்திரிகை அடிக்கிறதைப் பற்றி அவர் வாயிலிருந்து அன்றைக்கு மட்டும் இல்லை, அந்த வருஷம் முழுக்க ஒரு பேச்சும் வரவில்லை.

அறிவுமதி அன்றைக்கு ஸ்கூட்டியிலேயே கீழ்பென்னாத்தூர் போனாள். கொட்டகையில் விளக்கைப் போட்டு, மூடி வைத்த சிவப்பு டப்பாவைத் திறந்தாள். பண்டிகை முடிந்து என்னடி வண்ணம் என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். இந்தக் கொம்புக்கு இன்றைக்குத்தான் பொங்கல் என்று சொல்லிவிட்டு, பசுவின் தலையை மெல்லத் திருப்பி, வலது கொம்புக்குச் சிவப்பு அடித்தாள்.